கண்ணாடிய வெட்டிட்டா அந்தப் பொண்ணு எதைத்தான் பாப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பெண்களை வரைஞ்ச பழைய ஓவியர்கள் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா ஓவியத்துக்குன்னு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கறதே இப்பல்லாம் பெரிய விஷயம். அந்தப் பக்கத்துல வலது ஓரம் மூணாவதா ஒரு சின்னப் படம் இருந்துச்சு, சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொண்ணோட முகம், கழுத்து வரைக்கும் மட்டும், சதுரமா. கீழ "காதலனுக்காகக் காத்திருக்கும் பெண், ஸ்பெயின் ஓவியர்" அப்படின்னு ஒரே ஒரு வரி. அதப் பாத்ததுலேர்ந்து மனசு கேக்கவே இல்ல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முழுசா போட முடியாட்டியும் பரவால்ல, நீங்களும் அந்தப் பக்கத்த லேஅவுட் பண்ணவங்களும் மட்டுமாவது படிச்சிடுங்க.

அந்தப் படத்த வரைஞ்சவர் பேரு ரமோன் காசாஸ். 1866ல பார்சிலோனால பொறந்து 1932ல அதே ஊர்ல இறந்தவர். படம் 1892ல பாரிஸ்ல வரைஞ்சது, பேரு "மதலேன்", சில எடத்துல "மூலான் த லா கலெத்துல"ன்னும் போடுவாங்க, அது பாரிஸ்ல ஒரு ஆட்ட மண்டபத்தோட பேரு. நெஜப் படம் 117 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலம், அதாவது நாலடிக்குக் கொஞ்சம் கம்மியான உயரம், மூணடி அகலம். அத்தனை பெரிய படத்துல முகம் எவ்ளோ எடம்னு நெனக்கறீங்க, ரொம்பக் கொஞ்சம். மிச்ச எடத்துல என்ன இருக்குன்னு உங்க வாசகர்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லாமப் போயிடுச்சே, அதான் என் ஆதங்கம்.

என்ன இருக்குன்னு சொல்றேன். ஒரு ஆட்ட மண்டபம். அங்க ஒரு மேஜை, மேல ஒரு கிளாஸ். மேஜை பக்கத்துல அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா, சிவப்பு மேல்சட்டை, விரலிடுக்குல சுருட்டு. சிகரெட் இல்லங்க, சுருட்டு. அவ நம்மளப் பாக்கல. நமக்குப் பக்கவாட்டுல எங்கயோ எதையோ பாத்துட்டு இருக்கா, சும்மா பராக்கு பாக்கற மாதிரி இல்ல, கூட்டத்துக்குள்ள ஒரு ஆளத் தேடிக் கண்டுபிடிச்சுட்டு அங்கேர்ந்து கண்ண எடுக்காம இருப்போமே, அந்த மாதிரி. அவளுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள்ளதான் மண்டபமே இருக்கு, ஆடற ஜோடிங்க, தொப்பி போட்ட ஆம்பளைங்க, வெளிச்சம், எல்லாம் கலங்கலா, லேசா தொட்டுத் தொட்டு வரைஞ்சது.

இந்தக் கண்ணாடிதாங்க படத்தோட உயிர். கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. கண்ணாடி அவளுக்குப் பின்னாடி இருக்கு, அப்ப அதுல தெரியறது அவளுக்கு முன்னாடி இருக்கறது. அவளுக்கு முன்னாடி யாரு இருக்கா? நாம. படத்தப் பாக்கற நாம எங்க நிக்கறோமோ அந்தப் பக்கம்தான் அந்த ஆட்டம் மொத்தமும் நடந்துட்டு இருக்கு, நம்ம முதுகுக்குப் பின்னாடி. அவ பாக்கற ஆளோ விஷயமோ எதுவா இருந்தாலும் அது நம்ம தோளத் தாண்டி நமக்குப் பின்னாடி இருக்கு. மொத தடவ இது புரிஞ்சப்ப நான் நெஜமாவே சட்டுன்னு திரும்பிப் பாத்தேன், என் சேருக்குப் பின்னாடி சுவருதான் இருந்துச்சு. படத்துக்குள்ள இருக்கற ஒருத்தி பாக்கறத நாம பாக்க முடியல, ஆனா அது நமக்கு ரொம்பப் பக்கத்துல நடக்குது. கண்ணாடில தேடலாம்னு போனா அங்க ஒரு கூட்டமே இருக்கு, அதுல அவ பாக்கற ஆள் இதுதான்னு அடிச்சுச் சொல்ற மாதிரி ஒரு உருவத்தக்கூட அவர் தெளிவா வரையல. ஒரு த்ரில்லர் கதைல கடைசிப் பக்கத்தக் கிழிச்சு வெச்ச மாதிரின்னு சொல்ல வந்தேன், அதுகூட சரியில்ல, இங்க கடைசிப் பக்கம்னு ஒண்ணு எழுதப்படவே இல்ல.

இப்ப நீங்க கண்ணாடிய வெட்டிட்டீங்க. கிளாஸும் போச்சு, சுருட்டும் போச்சு. மிச்சம் இருக்கறது ஓரமாப் பாக்கற ஒரு அழகான முகம் மட்டும். அந்த மாதிரி முகம் சோப்பு விளம்பரத்துலயும் இருக்கும்.

நான் இருபது வருஷமா ஆல்பம் லேஅவுட் பண்ற வேலை பாக்கறேன். தெனமும் க்ராப் பண்றதுதான் என் பொழப்பு, அதனால வெட்டவே கூடாதுன்னு சொல்ற ஆளு நான் இல்ல. எடம் பத்தாது, பேப்பர் பத்தியோட அகலம் இவ்ளோதான், ராத்திரி பக்கத்த முடிச்சு அனுப்பணும், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒரு தடவ சூடு பட்டிருக்கேன். ஒரு கல்யாண ஆல்பம், பொண்ணு அலங்காரம் பண்ணிட்டு இருக்கற ரூம்ல எடுத்த போட்டோ, பொண்ணு பக்கவாட்டுல எதையோ பாத்து சிரிப்ப அடக்க முடியாம உதட்டக் கடிச்சுட்டு இருக்கா. பின்னாடி ட்ரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி, அதுல அலங்கோலமா பையும் துணியும், ஓரத்துல பாதி உருவம் ஒண்ணு. குப்பையா இருக்குன்னு நான் டைட்டா க்ராப் பண்ணி முகத்த மட்டும் முழுப் பக்கத்துக்கு வெச்சேன், எனக்கே ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆல்பம் போய் பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணே நேர்ல வந்தா. கண்ணாடி ஓரத்துல இருந்த அந்தப் பாதி உருவம் அவளோட ஃப்ரெண்டாம், கூடவே வளந்தவளாம், புடவைய தலைல சுத்திக்கிட்டு இவள சிரிக்க வெச்சுட்டு இருந்தாளாம். "அக்கா, நான் எதுக்கு சிரிக்கறேன்னே இதுல இல்லயே"ன்னு கேட்டா. சண்டையெல்லாம் போடல, கேட்டுட்டு பேசாம நின்னா. அந்தப் பக்கத்த மறுபடி பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். அதுலேர்ந்து ஒரு போட்டோல ஆளு ஓரமா பாக்கற மாதிரி இருந்தா, எங்க பாக்கறாங்கன்னு தேடிட்டுத்தான் கட்டர்ல கையே வெப்பேன்.

அந்த மதலேன் படத்த நான் நேர்ல பாத்ததில்ல. பெரிய ஸ்கேன் ஒண்ண ஸ்க்ரீன்ல போட்டு வேலை இல்லாத நேரத்துல அங்கங்க பெருசு பண்ணி பாப்பேன். காசாஸ் பாரிஸ் படங்கள்ல நெறைய சாம்பல் கலர்தான், மங்கலான வெளிச்சம், புகை படிஞ்ச மாதிரி சுவரு, அதுக்கு நடுவுல இந்த சிவப்பு மட்டும் திடீர்னு நிக்கும். உங்க பேப்பர்ல அந்த சிவப்பு ரோஸ் ஆயிடுச்சு, அது நியூஸ் பிரிண்ட்டோட கொறை, அதுக்கு நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த ஒரு வரி இருக்கே, "காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்", அத யாரு சொன்னாங்க உங்களுக்கு? காசாஸ் சொல்லல. அவர் வெச்ச பேரு வெறும் மதலேன், அதுவும் மாடலா உக்காந்தவளோட பேரு. இல்லாட்டி எடத்தோட பேரு. அவ்ளோதான். அவ காத்திருக்காளா, இல்ல அவ எதிர்பாத்த ஆள் வந்து வேற ஒருத்தியோட ஆடிட்டு இருக்கறதப் பாக்கறாளா, இல்ல கெளம்பிப் போயிடலாம்னு முடிவு பண்ணி கடைசியா ஒரு தடவ பாக்கறாளா, இல்ல யாரும் தன்னப் பாத்துடக் கூடாதுன்னு வாசலக் கவனிக்கறாளா, இல்ல அவளோட தங்கச்சி யார் கூடயோ போறத ஓரக்கண்ணால கவனிச்சுட்டு இருக்காளா, எதுவேணா இருக்கலாம். காதலன்னே ஒருத்தன் இல்லாமயும் இருக்கலாம். ஒரு பொண்ணு தனியா உக்காந்திருந்தாலே அவ ஒரு ஆம்பளைக்காகத்தான் உக்காந்திருக்கான்னு நாமளே முடிவு பண்ணிடறோம் பாருங்க. 1892 பாரிஸ்லயும் நெலமை அதேதான், ஆட்ட மண்டபத்துல துணையில்லாம உக்காந்து குடிச்சுட்டு சுருட்டு பிடிக்கற பொண்ணப் பாத்தா மரியாதையான வீட்டாளுங்க என்ன பேசியிருப்பாங்கன்னு ஊகிக்க முடியும். ஆனா காசாஸ் அந்தப் பேச்சுல கலந்துக்கல. அவள அசிங்கப்படுத்தல, பாவம்னு இரக்கப்பட வெக்கவும் இல்ல. அவ கவனத்த மட்டும் அவ்ளோ மரியாதையா வரைஞ்சிருக்கார்.

மதலேன்ங்கற பேரு பைபிள்ல வர்ற அதே மகதலேன் மரியாள் பேருதான், அதனால சிலர் அங்கேர்ந்து பாவம், மனந்திரும்பறதுன்னு படிக்கத் தோணலாம். என் மனசுக்கு அது ஒட்டல. அந்தக் காலத்து பாரிஸ்ல அது சாதாரணமா வெக்கற பேரு.

நம்ம அகப்பாட்டுல தலைவி பேர சொல்லவே மாட்டாங்க, ஊர், பேரு எதுவும் தெரியாமயே அவ மனசு மட்டும் நமக்கு முழுசாத் தெரியும். காசாஸ் அப்படியே தலைகீழாப் பண்றார், பேர சொல்லிட்டார், எடத்த சொல்லிட்டார், உடுப்பு, குடிக்கறது, பிடிக்கறது எல்லாம் காட்டிட்டார், மனசுல என்னன்னு மட்டும் சொல்லல. ரெண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனா ரெண்டாவது வகைல தலைப்பு போடறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா அவர் பூட்டி வெச்சத ஒரே வரில ஒடைச்சுடலாம்.

அந்தப் பக்கத்துலயே பிரெஞ்சு ஓவியர் தெகாவோட அப்ஸிந்த் (அது ஒரு மதுவோட பேரு) படமும் போட்டிருந்தீங்க, அத நல்லா பெருசாவே போட்டிருந்தீங்க, 1876 வாக்குல வரைஞ்சது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு வரி எழுதியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். தெகா படத்துலயும் கஃபேல ஒரு பொண்ணு, முன்னாடி கிளாஸ், ஆனா அவ கண்ணு எங்கயும் இல்ல, தொங்கிப் போயிடுச்சு, பக்கத்துல ஒரு ஆள் இருந்தும் அவ தனி. மதலேன் அதுக்கு நேர் எதிர், பக்கத்துல யாருமே இல்ல, ஆனா அவ கண்ணு மண்டபம் முழுக்க வேலை செய்யுது. தெகா பொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. இவளுக்கு இன்னும் நடக்கல, இதோ நடக்கப் போகுது, அந்த ரெண்டு நொடிக்கு நடுவுல நாம போய் நிக்கறோம்.

கண்ணாடிய வெச்சு வெளாடறதுன்னா 1882ல பிரெஞ்சு ஓவியர் மானே வரைஞ்ச ஃபோலி பெர்ஜேர் பார் படம் இருக்கு, லண்டன்ல கோர்ட்டால்ட் ஓவியக் கூடத்துல இருக்கறது, கவுண்டருக்குப் பின்னாடி நிக்கற பொண்ணு, அவ பின்னாடி முழுக்கக் கண்ணாடி. அதுல அவ எதிர்ல நிக்கற ஆள் ஓரத்துல தெரிவான், யாரப் பாக்கறாங்கற கேள்விக்குப் பாதி பதிலாவது கெடைக்கும். காசாஸ் அந்தப் பாதியையும் எடுத்துட்டார்.

எனக்கு இன்னும் பிடிச்ச ஒப்பீடு இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரோடது. மூலான் த லா கலெத்ங்கறது பாரிஸ்ல மோன்மார்த்ர் மேட்டுல இருக்கற காத்தாடி ஆலை, மாவு அரைச்ச எடம், கலெத்ன்னா அங்க வித்த ஒரு வகை ரொட்டி, நாளாவட்டத்துல அது குடிக்கறதுக்கும் ஆடறதுக்கும் ஜனங்க கூடற எடமா மாறிடுச்சு. 1876ல ரெனுவார் அதே எடத்தோட தோட்டத்துல ஞாயித்துக்கிழமை கூட்டத்த வரைஞ்சார், மரத்து நெழல், வெயில் புள்ளி புள்ளியா சட்டை மேல விழறது, எல்லாரும் சிரிச்சுட்டு ஆடிட்டு, பாத்தாலே சந்தோஷமா இருக்கும். பதினாறு வருஷம் கழிச்சு காசாஸ் அதே ஆலைக்குள்ள வந்து ஒக்காந்து, அந்த மொத்தக் கொண்டாட்டத்தையும் எடுத்துக் கண்ணாடிக்குள்ள சின்னதா, கலங்கலா போட்டுட்டு, அதுல கலந்துக்காத ஒருத்திய முன்னாடி கொண்டுவந்து வெச்சார். அந்தக் கூட்டத்த ரெனுவார் உள்ள நின்னு பாத்தார், காசாஸ் இவ கண்ணு வழியா பாக்கறார்.

அவரால அது முடிஞ்சதுக்குக் காரணம் அவர் அங்க வந்து போற ஆளு இல்ல, அங்கயே குடியிருந்தவர். அவரும் சாந்தியாகோ ருசிஞோலும் மிகேல் உத்ரில்லோவும் அந்த ஆலையிலயே வீடு எடுத்து ஒண்ணா இருந்தாங்க, எல்லாரும் கத்தலான் பசங்க, அதாவது பார்சிலோனா இருக்கற கத்தலோனியாப் பகுதிக்காரங்க, அவங்க மொழி பேரும் கத்தலான்தான். ராத்திரி பாட்டு சத்தம் கேக்காம தூங்கியிருக்க முடியாது. ருசிஞோல் அங்கேர்ந்து "ஆலையிலிருந்து"ங்கற தலைப்புல கட்டுரை எழுதி பார்சிலோனாவோட லா வாங்குவார்தியா பேப்பருக்கு அனுப்புவார், காசாஸ் அதுக்குப் படம் வரைவார். அதுக்கு முன்னாடி 1889ல ரெண்டு பேரும் மாட்டு வண்டி மாதிரி ஒரு குதிரை வண்டில கத்தலோனியா கிராமம் கிராமமா சுத்தினப்பயும் அப்படித்தான், ருசிஞோல் எழுத காசாஸ் வரைய அதே பேப்பர்ல வந்துச்சு. அதாவது இந்த ஓவியரோட படம் மொதல்ல ஜனங்ககிட்டப் போனதுல ஒரு பங்கு தினசரி பேப்பர் வழியாத்தான். அதனாலதான் ஒரு பேப்பர்ல அவர் படம் இப்படி வரும்போது எனக்கு இன்னும் உறுத்துது.

(அந்த நண்பர் ருசிஞோலும் பெரிய ஓவியர், 1894ல "மார்ஃபின்"னு ஒண்ணு வரைஞ்சிருக்கார், படுக்கைல ஒரு பொண்ணு, கையால துணிய இறுக்கிப் பிடிச்சிருப்பா. அவரே அந்த மருந்துக்கு அடிமையாக் கஷ்டப்பட்டவர். சீட்ஜஸ்ங்கற ஊர்ல அவர் வீடு இப்ப மியூசியம், அந்தப் படம் அங்க இருக்கு. இன்னொரு ஞாயித்துக்கிழமை அதப் பத்தி எழுதுங்க.)

"ஸ்பெயின் ஓவியர்"ங்கறதையும் விட மனசில்ல. பாஸ்போர்ட் கணக்குல தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அவர் முழுப் பேரு ரமோன் காசாஸ் இ கார்போ, அந்த "இ" கத்தலான் மொழில "உம்", அப்பா வீட்டுப் பேரும் அம்மா வீட்டுப் பேரும்னு சேத்து எழுதறது. ஸ்பானிஷா இருந்தாலும் சத்தம் அதேதான், எழுத்து வேற (கத்தலான்ல i, ஸ்பானிஷ்ல y). அந்த ஒரு எழுத்துல யாரு எந்த மொழின்னு தெரிஞ்சிடும், அதுக்காகவே அந்த எழுத்த விடாம வெச்சிருக்கறவங்க இன்னிக்கும் அங்க உண்டு. காசாஸ் பதினஞ்சு வயசுல, 1881ல, லாவென்ஸ்ங்கற கத்தலான் பத்திரிகை ஆரம்பிச்சப்ப அதுல கூட இருந்தவர், அதே வருஷம்தான் பாரிஸ்ல ஓவியர் கரோலூஸ் துயூரான்கிட்டப் படிக்கப் போனது. கத்தலான் எழுத்துமுறைய எப்படி சீர் பண்றதுன்னு பின்னாடி பெரிய விவாதமெல்லாம் நடந்தது அந்தப் பத்திரிகைலதான். 1899லேர்ந்து 1903 வரைக்கும் அவரும் உத்ரில்லோவும் நடத்தின "பெல் இ ப்ளோமா" பத்திரிகையும் கத்தலான்லதான், அதுக்கு அர்த்தம் முடியும் இறகும், அதாவது தூரிகையும் பேனாவும், காசாஸ் வரைவார், உத்ரில்லோ எழுதுவார். 1897ல இவங்க கூட்டாளிங்க சேந்து தொறந்த கஃபே பேரு "நாலு பூனை", கத்தலான்ல நாலு பூனைன்னா விரல் விட்டு எண்ணற அளவு ஆளுங்கன்னு அர்த்தம், அந்த நாலு பூனை கஃபேலதான் 1900ல பத்தொன்பது வயசுக்கூட ஆகாத பிகாஸோ தன் படங்கள மாட்டிக் காட்டினார். மொழி பேரச் சொல்லி இத்தன வேலை பாத்த ஒருத்தர "கத்தலான் ஓவியர்"னு நாலெழுத்து சேத்துப் போடறதுல நமக்கு என்ன கஷ்டம்? வேற யாரு செய்யலன்னாலும் நாம செய்யணும்னு எனக்குத் தோணுது, அது ஏன்னு உங்க வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

திரும்பவும் படத்துக்கே வரேன். இந்த "நடக்கப் போற நொடி" இவருக்குப் பெண்கள வரையறப்ப மட்டும் வந்ததில்ல. 1894ல "கர்ரோத்தே வில்"னு ஒண்ணு வரைஞ்சார், மாட்ரித்ல ரெய்னா சோஃபியா மியூசியத்துல இருக்கு. முந்தின வருஷம் பார்சிலோனால ஒருத்தனப் பொது எடத்துல கழுத்த நெரிச்சு மரண தண்டன நெறவேத்தினாங்க, அதப் பத்தின படம். ஆனா படத்துல பெரும்பங்கு வேடிக்க பாக்க வந்த கூட்டத்தோட முதுகுதான். மேடையும் சாகப் போறவனும் தூரத்துல சின்னதா. அப்புறம் "லா கார்ரெகா", 1899ல வரைஞ்சது, மூணு மீட்டர் உயரம், கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் அகலம், ஒலோத் ஊர் மியூசியத்துல இருக்கு. குதிரைப் போலீஸ் ஜனங்க மேல பாயுது, கூட்டம் ஒரு பக்கமா ஓடுது, நடுவுல பெரிய வெறும் தரை, முன்னாடி ஓரத்துல ஒருத்தன் கீழ விழுந்து கெடக்கான், குதிரை அவன் மேல வந்துட்டு இருக்கு. மிதிச்சுச்சா, தாண்டிடுச்சான்னு தெரியாது, குதிரைக் காலு இன்னும் காத்துலதான் இருக்கு. அந்த வெறும் தரைய ஒரு லேஅவுட் ஆளு பாத்தா "இவ்ளோ எடம் வேஸ்ட்டா இருக்கே"ன்னு கண்டிப்பா வெட்டுவாங்க. வெட்டினா அந்த விழுந்தவனக் காப்பாத்த பக்கத்துல யாருமே இல்லங்கறது போயிடும்.

இந்தப் படத்துல உங்களுக்கு சம்பந்தப்பட்ட விஷயம் இன்னொண்ணு இருக்கு. 1902ல பார்சிலோனால பெரிய பொது வேலைநிறுத்தம் நடந்துச்சு, அதுக்கப்புறம் காசாஸே இந்தப் பழைய படத்துக்கு "பார்சிலோனா 1902"ன்னு பேரு வெச்சு 1904ல மாட்ரித் கண்காட்சிக்கு அனுப்பினார், மொத வகுப்புப் பதக்கம் கெடைச்சுது. பேரு மாறினதும் பாக்கறவங்க கண்ணுக்கு அது அந்த வேலைநிறுத்தத்தோட படமாவே ஆயிடுச்சு. கீழ எழுதற வரிக்கு அவ்ளோ சக்தி இருக்குன்னு அவருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்ச அதே ஆளு மதலேன் படத்துக்குக் கீழ ஒண்ணும் எழுதாம விட்டிருக்கார்னா அது மறந்து போயி இல்ல.

அப்புறம் அந்தப் படம் இப்ப எங்க இருக்குன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. பார்சிலோனாவுக்கு வடமேக்குல மோன்செர்ராத்ன்னு ஒரு மலை, ரம்பம் மாதிரி கூர் கூரா பாறை, மேல பெனடிக்ட் சபை துறவிங்களோட மடம், கத்தலான் ஜனங்க "மோரெனேத்தா"ன்னு செல்லமாக் கூப்பிடற கருப்பு மாதா அங்கதான் இருக்காங்க. பல்சக்கர ரயில்ல ஏறிப் போகலாம். அந்த மடத்தோட மியூசியத்துலதான் இந்த சுருட்டு பிடிக்கற பொண்ணு இருக்கா. காசாஸ் 1899ல வரைஞ்ச இன்னொரு பொண்ணும் அங்கயே இருக்கா, பச்சை சோஃபால கருப்பு கவுனோட அப்படியே சாஞ்சு கெடப்பா, கைல பாதி நழுவின புஸ்தகம், ஆட்டம் முடிஞ்சு வந்த களைப்பு. ஒருத்தி ஆட்டத்துக்கு நடுவுல, ஒருத்தி ஆட்டம் முடிஞ்சு. மாதாவக் கும்பிட வந்தவங்க அப்படியே இங்கயும் எட்டிப் பாத்துட்டுப் போவாங்கன்னு நெனக்கறப்ப எனக்கு மனசு நெறைஞ்சு போகுது, ஏன்னா அந்தத் துறவிங்க அவள மறைச்சு வெக்கல, வெட்டவும் இல்ல, முழுசா மாட்டி வெச்சிருக்காங்க.

அதனால என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வாரமோ அதுக்கடுத்த வாரமோ அந்தப் படத்த ஒரு தடவ முழுசாப் போடுங்க. எடம் ரொம்பக் கேக்கல, நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், நெஜ அளவுல பத்துல ஒண்ணு எடுத்தா 9 செ.மீ. அகலம், 11.7 செ.மீ. உயரம், உங்க பேப்பர்ல ரெண்டு பத்தி அகலத்துக்குள்ள அடங்கிடும். நாலு பக்கமும் ஓரம் வெட்டாம, மேல எழுத்து ஏத்தாம. கண்ணாடிக்குள்ள ஆடறவங்க இருட்டடிச்சுப் போயிடுவாங்க, அதனால பிரிண்ட்டுக்கு முன்னாடி அந்தப் பகுதிய மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஏத்தச் சொல்லுங்க, சிவப்புல மஞ்சள ஒரு பத்து பாயிண்ட் கூட்டினா ரோஸ் அடிக்காது. கீழ, "மதலேன், ரமோன் காசாஸ், 1892, மோன்செர்ராத் மியூசியம்". வேற எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
ஆல்பம் லேஅவுட் பண்ற உங்கள் நெடுநாள் வாசகி